அறை மூலையில் நிற்பவன்

2009, மழைக்காலத்துச் சனிக்கிழமை இரவு. ஆய்வு மாணவியர் விடுதியின் இரண்டாம் மாடியில் ஓர் அறை. பதினொரு பெண்கள், ஒரு மடிக்கணினி. கட்டிலில் ஆறு பேர், தரையில் பாய் விரித்து ஐந்து பேர். ஒன்பதரைக்கு மேல் சத்தம் கேட்டால் வார்டன் படியேறி வந்துவிடுவார் என்பதால் ஒலியைப் பாதியாகக் குறைத்துவைத்திருந்தோம். ஒருத்தியின் தம்பி பென் டிரைவில் ஏற்றிக்கொடுத்த படம், 'ட்வைலைட்'.

அதில் ஓர் இடம். பெல்லா தூங்கிக்கொண்டிருக்கிறாள். சட்டென்று விழிக்கிறாள். இருட்டில் அறையின் மூலையில் எட்வர்ட் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கைநீட்டி விளக்கைப் போடுகிறாள். மூலை காலியாக இருக்கிறது. எல்லாம் சில விநாடிகள்தான். அதற்குள் பதினொரு பேரும் கூவிவிட்டோம். ஒருத்தி தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கூவினாள். நானும்தான் கூவினேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அகப்பாடல்களில் தலைவி கூற்று பற்றிய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் திணறிக்கொண்டிருந்தேன். பெண் உடல், பெண் வெளி என்று இரண்டு மூன்று கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்துக் கைத்தட்டலும் வாங்கியிருந்தேன்.

அந்தக் கூவலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதை மறைக்க எனக்கு மனமில்லை. சும்மா ஒரு ஜாலி என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

படத்துக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. ஆங்கிலத் துறையில் ஆய்வு செய்த பக்கத்து அறைக்காரி கொடுத்தாள். கறுப்பு அட்டையில் வெளுத்த இரண்டு கைகள் சிவந்த ஆப்பிளை ஏந்தி நிற்கும். அந்த அட்டையோடு துறைக்குப் போக முடியாது என்று நாளிதழைக் கிழித்து உறை போட்டுக்கொண்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நாளில் முடித்தேன். அதுவரை நான் முழுதாகப் படித்து முடித்த ஆங்கில நாவல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வெளிவந்த நாவல் அது. பதினேழு வயது பெல்லா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குத் தந்தையிடம் வந்து சேர்கிறாள். வகுப்பில் பக்கத்து இருக்கையில் எட்வர்ட். 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டு அன்றிலிருந்து பதினேழு வயதிலேயே நிற்பவன். மனித ரத்தம் தொடுவதில்லை என்று நோன்பிருக்கும் குடும்பம் அவனுடையது. பெல்லாவின் ரத்த வாசனையோ அந்த நோன்பைக் குலைக்கிறது. அவன் விலகுகிறான், அவள் நெருங்குகிறாள். இவ்வளவுதான் கதை. நடை சுமார் என்பதை அன்றே உணர்ந்தேன். அவன் அழகாக இருக்கிறான் என்பதை எத்தனை முறைதான் சொல்வாள் என்று எரிச்சலும் வந்தது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

ஏன் என்று இப்போது சொல்லத் தெரியும். பெண்ணின் ஆசைக்கு அவளையே காவல் வைப்பதுதான் நாங்கள் வளர்ந்த முறை. அச்சம், நாணம், மடம் என்று அதற்கு இலக்கணப் பெயர்களும் உண்டு. தன் வேட்கையைத் தலைவன் முன் தானே எடுத்துச் சொல்வது தலைவிக்கு இல்லை என்பது தொல்காப்பியக் களவியலின் விதி. அந்த விதியைச் சுற்றித்தான் என் மூன்றாம் இயல் முழுக்கச் சுழன்றுகொண்டிருந்தது. குறிப்பால் உணர்த்தலாம், தோழியிடம் புலம்பலாம், ஆனால் அவன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. மேயரின் நாவலில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. ஆசைப்படுபவள் அவள், அதை வாய்விட்டுச் சொல்பவள் அவள், முத்தமிடும்போது கட்டுப்பாட்டை இழப்பவளும் அவளே. நாணிப் பின்வாங்கும் வேலையை, இருவரின் கற்பையும் காக்கும் வேலையை, ஆண் எடுத்துக்கொள்கிறான். காவல் பொறுப்பு தன்மேல் இல்லாத ஒரு பெண் முழுமூச்சாக ஆசைப்படுவதை நானூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கு அவள் குரலிலேயே படித்தேன். எங்கள் விடுதியில் எவளுக்கும் அப்படி ஒரு விடுப்பு கிடைத்ததில்லை.

பதின்மூன்றாம் அத்தியாயம் இதன் உச்சம். காட்டுக்குள் ஒரு புல்வெளி. வெயில் பட்டால் அவன் தோல் வைரத்தூள் தூவியதுபோல மின்னும். அவன் புல்லில் அசையாமல் படுத்திருக்கிறான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். பிறகு ஒரு விரலால் அவன் கையைத் தொடுகிறாள். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு என்று நிதானமாகத் தடவிக்கொண்டே போகிறாள். அவனோ அசைந்தால் அவளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயத்தில் கிடக்கிறான். ஒரு பெண் அவசரமில்லாமல் ஓர் ஆணுடலைப் பார்த்துத் தொட்டு அறிவதும், அவன் அதற்கு உட்பட்டுக் கிடப்பதும் அதுவரை நான் படித்திராதவை. அந்தப் பக்கங்களின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். இரவல் புத்தகம் என்பதே மறந்துபோயிற்று.

ஆகவே படம் பார்க்க உட்கார்ந்தபோது நான் ஓர் எதிர்பார்ப்போடு உட்கார்ந்தேன். எட்வர்டாக நடிப்பவன் எப்படி இருப்பான் என்பதல்ல அது. அந்தப் புல்வெளி எப்படி வரும் என்பதுதான்.

2008 நவம்பரில் வெளியான அந்தப் படத்தை இயக்கியவர் கேத்தரின் ஹார்ட்விக், திரைக்கதை மெலிசா ரோசன்பெர்க். இருவரும் பெண்கள். இவர்கள் கைக்கு வருமுன் வேறொரு நிறுவனம் எழுதிவைத்த திரைக்கதையில் பெல்லா ஓட்டப்பந்தய வீராங்கனை, கதையில் நீர் ஸ்கூட்டர் துரத்தல்கள்கூட உண்டு என்று ஹார்ட்விக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆண்களும் டிக்கெட் வாங்கவேண்டும் என்ற கணக்கு. ஆசைப்படும் பெண்ணை வைத்துப் படம் எடுக்க முடியாது, ஓடும் பெண் என்றால் எடுக்கலாம்! ஹார்ட்விக் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நாவலுக்குத் திரும்பினார்.

சினிமா பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையை இத்தொகுப்பின் வாசகிகள் பலர் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள், கேமரா ஆணின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. கதாநாயகியின் இடுப்பிலிருந்து கேமரா மேலேறும் பாடல்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு மல்வியைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிப்பதில்லை. இந்தப் படத்தில் கேமரா போய் உட்கார்ந்த இடம் பெண்பிள்ளைகளின் சாப்பாட்டு மேசை. பள்ளி உணவுக்கூடத்துக்குக் கல்லன் குடும்பத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நடந்து வருகிறார்கள். முதலில் கண்ணாடிச் சன்னல் வழியே தெரிகிறார்கள், எட்வர்ட் கடைசியாக வருகிறான். யார் யார் என்று ஜெசிகா பெல்லாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தலைவிக்குப் பக்கத்தில் அமர்ந்து பெயர் சொல்லும் தோழி. எங்கள் அறையிலும் அதே வேலையை நான்கு பேர் செய்துகொண்டிருந்தார்கள், புத்தகம் படிக்காதவர்களுக்காக.

அடுத்து உயிரியல் ஆய்வுக்கூடம். பெல்லா மின்விசிறியைக் கடக்கிறாள், முடி பறக்கிறது. நம் சினிமாவில் முடி பறந்தால் கேமரா அவள் முகத்திலேயே தங்கும், கீழே ஒரு பாட்டும் ஓடும். இங்கே அந்தக் காற்று அவள் வாசனையைக் கொண்டுபோய் அவன்மேல் போடுகிறது. அவன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். உடம்பு விறைக்கிறது. அவனுக்குப் பின்னால் பாடம் செய்து வைத்த வெள்ளை ஆந்தை ஒன்று சிறகு விரித்து நிற்கிறது. அந்தச் சிறகு அவன் தோளில் முளைத்ததுபோல் தெரிகிறது. அவள் குழப்பத்தோடு தன் முடியை முகர்ந்து பார்த்துக்கொள்கிறாள். ஓர் ஆண் தன்னைக் கண்டதும் முகம் சுளித்தால், குற்றம் தன் உடம்பில்தான் என்று உடனே நினைப்பது எவ்வளவு பழகிய செய்கை! அன்றும் எங்களில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே தங்கள் பின்னலை மோந்து பார்த்தார்கள்.

கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டுக்கு நடிக்கத் தெரியவில்லை, உதட்டைக் கடிப்பதும் திக்குவதும்தான் நடிப்பா என்று கேட்டவர்கள் அநேகம். எனக்கு அந்தத் திக்கல்தான் பிடித்தது. ஆசைப்படும் பெண் திரையில் ஒன்று நாணுவாள் அல்லது மயக்குவாள், மூன்றாவதாக எதையும் பார்த்ததில்லை. ஸ்டூவர்ட் தடுமாறுகிறார், பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழிக்கிறார். ஆசைப்படும்போது நானும் அப்படித்தான் இருப்பேன். (2015இல் பிரான்சின் சேசர் விருது வாங்கிய முதல் அமெரிக்க நடிகை அவர். கேலி செய்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.)

ஆனால் புல்வெளி? அதை ஏறக்குறைய இழந்துவிட்டோம். மலைச்சரிவில் ஏறி, வெயிலில் நின்று, சட்டையைத் திறந்து மின்னிக் காட்டுகிறான். மணி குலுங்குவதுபோல் ஓர் ஒலி. சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. நான் ஒரு கொலைகாரன் என்று அவன் வசனம் பேச ஆரம்பித்துவிடுகிறான். பிறகு இருவரும் புல்லில் படுத்திருக்கும் காட்சி வருகிறது, அழகாகவே வருகிறது. அவள் விரல் அவன் கையில் நடந்துபோன அந்த நீண்ட நேரம் மட்டும் இல்லை. நாவலில் அவள் அறிந்துகொண்ட உடலைப் படத்தில் அவன் அறிவித்துவிடுகிறான். ரசிகையாக எனக்கு அன்று ஏற்பட்ட முதல் கோபம் இதுதான். பக்கத்து அறைக்காரி என் காதில், "உன் பென்சில் கோட்டையெல்லாம் அழிச்சிட்டாங்க பாரு" என்றாள்.

இரண்டாவது விஷயம் எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. அறை மூலைக்கு வருகிறேன்.

நாவலில் இந்த இடம் வேறு மாதிரி. இரவுகளில் தன் அறைக்கு அவன் வந்துபோவது பெல்லாவுக்குத் தெரியாது. பின்னொரு நாள் அவனே சொல்கிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை. தூக்கத்தில் என்ன உளறினேனோ என்று வெட்கம் வருகிறது, அதற்கடியில் ஒரு பூரிப்பும். கதை அவள் குரலில் இருப்பதால் நாமும் அவளுக்குள்தான் இருக்கிறோம். அவள் பூரித்தால் நாமும் பூரிக்கிறோம். தன்மைக் கூற்றின் வலிமையும் வம்பும் அதுதான், கதைசொல்லிக்குத் தெரியாததை வாசகி பார்க்க வேண்டுமென்றால் அவள் தோளிலிருந்து ஒரு கணமாவது இறங்கியாகவேண்டும். மேயர் இறங்கவிடுவதில்லை. போர்ட் ஏஞ்சல்ஸ் நகரில் இரவில் சில ஆண்கள் பெல்லாவைச் சூழும்போது எட்வர்ட் காரில் வந்து மீட்கிறான். எப்படிச் சரியாக வந்தான்? அவளைப் பின்தொடர்ந்து வந்திருந்ததால். பின்தொடராவிட்டால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று கதையே நம்மைப் பார்த்துக் கேட்கிறது. கண்காணிப்பு இருந்தால்தான் பாதுகாப்பு என்பதை ஒரு வாதமாக வைத்திருந்தால் நான் மறுத்திருப்பேன். சம்பவமாக வைத்ததால் மறுக்கத் தோன்றவில்லை.

படத்தில் பெல்லாவின் குரல் ஆங்காங்கே பின்னணியில் சில வரிகளாக மிஞ்சுகிறது. மற்றபடி நாம் வெளியே நிற்கிறோம். வெளியே நின்று பார்க்கும்போது தெரிவது என்ன? தூங்கும் பெண்ணின் அறைக்குள், அவளைக் கேட்காமல் நுழைந்து, இருட்டில் நிற்கும் ஓர் ஆண். இயக்குநர் அதை விமர்சனமாக எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. காதல் காட்சியாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் கேமராவுக்குப் பூரிப்பு தெரியாது. மூலையில் ஒருவன் நின்றால் மூலையில் ஒருவன் நிற்கிறான் என்றே அது காட்டும். பேய்ப்படங்களில் இதே ஷாட் எதற்குப் பயன்படும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கூவலில் அந்தப் பயமும் கலந்திருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்கலாம். அன்று அதைப் பிரித்தறிய முடியவில்லை.

பிரித்தறிய முடிந்தது 2014இல். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம். மாலையில் ஒரு நூல் வெளியீட்டுக்குக் கிளம்புகிறேன், வண்டிச் சாவி மாட்டும் ஆணி காலியாக இருக்கிறது. வீடெல்லாம் தேடினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் கழித்து, "மழை வரும்போல இருக்கு, வழுக்கி விழுந்தேன்னா என்ன பண்றது" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். குரலில் கடுமை துளியும் இல்லை. அந்த நிமிடம் எனக்கு மேயரின் மூன்றாம் நாவலான 'எக்ளிப்ஸ்' ஞாபகம் வந்தது. பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக்கூடாது என்பதற்காக எட்வர்ட் அவள் வண்டியின் எஞ்சினைக் கழற்றிப்போட்டுவிடுகிறான். தான் ஊரில் இல்லாத நாள்களில் அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தன் தங்கைக்கு மஞ்சள் நிற போர்ஷே கார் ஒன்றை லஞ்சமாக வாங்கித் தருகிறான். காரணம், அவள் பத்திரமாக இருக்கவேண்டும். வாசித்தபோது அதை வேகமாகக் கடந்துபோயிருந்தேன். எங்கள் வீட்டு ஆணிக்கு முன்னால் நின்றபோது கடக்க முடியவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "உம்மேல உசுரா இருக்காரு, அதான்" என்றாள். மேலும் மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

இதைச் சொன்னதும், 'பார், இப்படிப்பட்ட புத்தகங்கள்தான் பெண்களைக் கெடுக்கின்றன' என்று தோழியர் சிலரே சொல்வார்கள். இல்லை. சாவியை எடுத்தவர் மேயரைப் படித்தவர் அல்லர். என் அம்மாவும் படித்தவளல்ல. கட்டுப்பாட்டுக்கு 'அக்கறை' என்று பெயர் வைப்பதை எனக்குக் கற்றுத்தர வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு ரத்தக்காட்டேரி வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சொல்லப்போனால், நடந்ததற்குச் சட்டென்று ஒரு சித்திரம் கிடைத்தது அந்த நாவலால்தான். பெல்லா மீதான விமர்சனங்களுக்குப் பதில்போல 2015இல் மேயர் ஆண் பெண்ணை இடம் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' எழுதினார். படித்தேன். பெயர்கள் மாறின, அவ்வளவுதான். நிஜத்தில் சாவியை ஒளித்துவைக்க எந்தப் பாலுக்கு ஊரே துணைநிற்கிறது என்ற கேள்வி அந்த விளையாட்டுக்குள் வரவில்லை.

என்னை அதிகம் புண்படுத்தியது வேறொன்று. உறை கிழிந்த அந்தப் புத்தகத்தை ஒருநாள் என் பையில் பார்த்த பேராசிரியர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "குறுந்தொகை படிக்கிற பொண்ணு பேய்க்கதையும் படிக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எட்வர்ட் பெல்லாவைக் கண்காணிக்கிறான் என்பதல்ல அவர் குறை. நான் ரசிக்கிறேன் என்பதுதான். உலகெங்கும் இந்தப் படம் கேலிக்கு ஆளானது பெரும்பாலும் இப்படித்தான். கொட்டாவி வரவழைக்கும் கார் துரத்தல்களைச் சிறுவர்கள் ரசித்தால் அது பொழுதுபோக்கு, பெண்பிள்ளைகள் கூவினால் அது நோய். மின்னுகிற ஆண்தோல் பற்றிய நகைச்சுவைகளைச் சொன்ன ஆண்களில் எத்தனை பேருக்குப் பார்க்கப்படுவது தாங்களாகிவிட்டோமே என்ற எரிச்சல் இருந்ததோ!

இந்தக் கேலிக்குச் சந்தையும் விலக்கல்ல. ஏறத்தாழ 3.7 கோடி டாலரில் எடுத்த படம் வெளியான முதல் வார இறுதியிலேயே வட அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடி டாலர் ஈட்டியது. ஒரு பெண் இயக்கிய படத்துக்கு அதுவரை கிடைக்காத தொடக்கம். அடுத்த படத்தை ஹார்ட்விக் இயக்கவில்லை, கால அவகாசம் காரணமாகச் சொல்லப்பட்டது. மிச்சமிருந்த நான்கு படங்களையும் மூன்று ஆண்கள் இயக்கினார்கள். அந்தக் கைவிசிறி நீலமும் ஈரமும் நடுங்கும் கேமராவும் போய், எல்லாம் பளபளப்பாகிவிட்டது. ஜேக்கப்பும் அவன் கூட்டத்தாரும் சட்டை இல்லாமல் மழையில் திரிகிறார்கள். பெண் பார்வைக்கான விருந்து என்றார்கள். விருந்தில் யார் பரிமாறப்படுகிறார்கள் என்று பார்த்தேன். வெள்ளைக்கார எட்வர்ட் பெரும்பாலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டிருக்க, சட்டையைக் கழற்றுவது பழங்குடி இளைஞர்கள். லா புஷ் என்ற கடற்கரை ஊரில் இன்றும் வாழும் குவில்யூட் மக்களின் தோற்றக் கதையில் ஓநாய்கள் மனிதராவது உண்மை. ரத்தக்காட்டேரிகளோடு பகை என்பது மேயர் ஒட்டவைத்தது. சுனாமி அபாயத்திலிருந்து ஊரை மேட்டுக்கு நகர்த்த நிலம் கேட்டு அவர்கள் போராடி, 2012இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. இவையெல்லாம் அன்று எங்கள் அறையில் யாருக்கும் தெரியாது. எங்கள் கண்ணும் சுத்தமான கண்ணல்ல.

போன வருடம் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பருவக் கட்டுரைக்கு எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, எதை என்று சொல்லாமல் நின்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் மாறியதும்தான் என் சிரிப்பு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. "மூணு தடவ பார்த்திருக்கேன்டி" என்றேன். நம்பவில்லை. அந்த வாரமே துறையின் கருத்தரங்க அறையில் திரையை இறக்கி, பதினாறு பிள்ளைகளோடு உட்கார்ந்து நான்காவது முறையாகப் பார்த்தேன்.

மூலைக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தேன். யாரும் கூவவில்லை. "ஐயோ, யாருடி இவன், உள்ள எப்படி வந்தான்?" என்றது ஒரு குரல். "லைட்டப் போடு, லைட்டப் போடு" என்றாள் இன்னொருத்தி, பெல்லாவிடம். நாங்கள் கூவிய இடத்தில் அவர்கள் கேள்வி கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். கட்டுரை எழுதப்போகிறவள் குறிப்பேட்டை மூடிவிட்டு, "மேடம், அந்த லேப் சீன மட்டும் இன்னொரு தடவ போடுங்களேன், அந்த ஆந்தை வருமே" என்றாள். கல்லூரிப் பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பின்னால் நகர்த்தி, ஆந்தை வரும் இடத்தில் வைத்தேன். எழுந்து பையை மாட்டிக்கொண்டவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.